கொதிக்க வைத்தால் போதுமா?



சில ஆண்டுகளுக்கு முன் கிளைக் கூட்டத்துக்காக ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் ஒரு பாட்டி குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வாயருகே கொண்டு போனதும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"என்ன பாட்டி, தண்ணி இப்படி நாறுது?"

"ஆத்துக்கு மேல பட்டறை வந்ததிலேருந்து இப்படித்தான் தம்பி. நல்லா கொதிக்க வச்சிருக்கேன், பயப்படாம குடிங்க."

நான் குடிக்கவில்லை. பாட்டியின் மனம் நோகுமே என்று வருத்தம்தான். ஆனால் அவர் நம்பியதைத்தான் நம்மில் பலரும் நம்புகிறோம்.

கொதிக்க வைப்பது கிருமிக்காக. காலரா, வயிற்றுப்போக்குக் கிருமிகள் சூட்டில் சாகும். இரசாயனம் கிருமியா, சாவதற்கு? ஈயம் போன்ற உலோகக் கழிவு எவ்வளவு கொதித்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற, மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

அடுப்பை விடுங்கள், பெரிய சுத்திகரிப்பு நிலையங்களே இதற்குக் கைவிரித்தன. அங்கே படிகாரம் போட்டு அழுக்கைப் படிய வைப்பார்கள், மணலில் வடிகட்டுவார்கள், குளோரின் கலப்பார்கள். 2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத் தொழிற்சாலைக் கழிவு சுங்கை கோங்கில் கலந்து, சிலாங்கூர் ஆற்றுக்கு வந்தது. வாடையைப் போக்க முடியாமல் 4 நிலையங்களை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குடிநீர்க் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. வாளியும் கையுமாக லாரிக்குக் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

நம் பக்கமும் பிழை உண்டு. மருந்தடித்த பம்பை ஓடையில் கழுவுகிறோம். காலி மருந்து டின்னில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்து டின்தான். அதை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டப்படி, தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் தோட்ட நிர்வாகம் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஆற்றில் கழிவு கொட்டுகிறவனைப் பிடிக்க 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கிறது.

தண்ணீரில் வாடையோ, நிறமோ, எண்ணெய்ப் படலமோ கண்டால் குடிக்காதீர்கள், அதில் சமைக்காதீர்கள், குழந்தைக்குப் பால் கலக்காதீர்கள். தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். அன்றைக்கே கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். நிர்வாகத்துக்கும், சுகாதார இலாகாவுக்கும், சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் எழுத்தில் புகார் போகட்டும். வாய்ப்பேச்சு பெரட்டுக் களத்தோடு போய்விடும். கடிதம் கோப்பில் நிற்கும்.

பாட்டியின் தோட்டத்தில் மூன்று கடிதங்களுக்குப் பிறகு லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. ஆனால் முதல் கடிதம் எழுதவே ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏன் தெரியுமா? எல்லாரும் கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.