வேகம் வேண்டுமா? சாலையை விடு, ஓடுதளத்துக்கு வா!

உங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று நிற்கிறதா? அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் வாங்கிய டட்சன் 120ஒய், தாத்தா ஓட்டிய மோரிஸ் மைனர், அண்ணன் முதல் சம்பளத்தை நம்பிக் கடனில் எடுத்த புரோட்டோன் சாகா... புக்கிட் காத்தில், டுரியான் துங்கல், ஜாசின் பக்கம் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் இப்படி ஒன்று கண்ணில் படும். விற்க மனம் வராது. ஓட்ட நேரமும் வராது.

இப்படிப்பட்ட காடிகளை வைத்திருப்பவர்கள் கிளப் அமைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு சேர்ந்து பசியாறப் போவார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஓடுதளத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, தங்கள் பழைய காடிகளை அங்கே விரட்டிப் பார்க்கிறார்கள். புக்கிட் காத்தில்காரர்களுக்கு இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து ஊரான ஆயர் குரோவிலேயே மலாக்கா அனைத்துலக மோட்டார் விளையாட்டு ஓடுதளம் இருக்கிறது.

வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு இஞ்சின் சத்தமும் ஒரு பாட்டு மாதிரிதான். நண்பர் ஒருவர் அழைத்ததும் அப்படியொரு கிளப் நாளுக்குப் போய்ப் பார்த்தேன்.

கடிகாரத்தோடுதான் போட்டி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இது சினிமாவில் பார்க்கும் பந்தயம் இல்லை. யாரும் யாரையும் இடித்துத் தள்ளி முந்துவதில்லை. ‘டிராக் டே’ என்றால் ஓடுதளத்தில் பயிற்சியாக ஓட்டும் நாள். அதில் பரிசு கிடையாது. ‘டைம் டிரையல்’ என்றால் நேரத்தை அளந்து ஓட்டுவது. கார்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். முதல் சுற்றில் டயரும் பிரேக்கும் சூடேறும். அடுத்த சுற்றுக்குத்தான் நேரக் கணக்கு. அதற்கடுத்த சுற்றில் மெதுவாக ஓட்டி, காரை ஆறவிட்டு உள்ளே வரவேண்டும். காரில் பொருத்திய சிறு கருவி கோட்டைக் கடக்கும் நொடியைப் பதிவு செய்துவிடும்.

இந்த விளையாட்டுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் மேட்டில் 1905 முதல் கார்கள் ஒவ்வொன்றாக ஏறி நேரம் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பழைய கார் பிரியர்களுக்கென்றே அங்கே 1934-இல் ஒரு கிளப் தோன்றியது. அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை ஒன்றுதான்: உன் நேற்றைய நேரத்தை இன்று நீயே முறியடி.

காலை நேரச் சோதனை

நான் போன நாளில் முதல் ஒரு மணி நேரம் ஒரு கார்கூட ஓடவில்லை. பதிவு, பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து, பிறகு வாகனச் சோதனை. பேட்டரி ஆடுகிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா, சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, சீட் பெல்ட் பிடிக்கிறதா, தலைக்கவசம் தரமானதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். அழகாகச் சாயம் பூசிய கார் ஒன்று எண்ணெய்க் கசிவுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது. உரிமையாளர் முகம் வாடினாலும் வாதாடவில்லை. ஓடுதளத்தில் சொட்டும் எண்ணெய், பின்னால் வருகிறவரைச் சறுக்க வைக்கும் என்பது அவருக்கே தெரியும்.

அடுத்து ஓட்டுநர் கூட்டம். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழி விடு. கட்டம் போட்ட கொடி என்றால் ஓட்டம் முடிந்தது. கூட்டத்துக்கு வராதவருக்கு ஓடுதளம் கிடையாது.

அங்கிளும் 120ஒய்யும்

அன்று என் கவனத்தை ஈர்த்தவர் அறுபதைக் கடந்த அங்கிள் ஒருவர். பால்மரத் தோட்டத்தில் பிறந்து, லாரி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். 1,171 சிசி இஞ்சின், பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய டட்சனோடு வந்திருந்தார். கூடவே இருபத்து மூன்று வயது மகன்.

“தம்பி, இவனுக்கு ராத்திரி ரோட்டுல ஓட்டுற பழக்கம் இருந்துச்சு. திட்டிப் பார்த்தேன், கேட்கல. சரி, வா, எங்கே ஓட்டணுமோ அங்கே ஓட்டுன்னு கூட்டிட்டு வந்தேன்” என்றார்.

மகன் முதல் சுற்றில் எல்லா வளைவுக்கும் தாமதமாக பிரேக் பிடித்து, அகலப் போய், நேரத்தைக் கோட்டை விட்டான். நான்காவது முறை பிரேக்கைச் சீக்கிரம் பிடித்து, வளைவின் உள்முனையைத் தொட்டு, நேராகிய பிறகே மிதித்தான். மூன்று விநாடி குறைந்திருந்தது. மெதுவாக நுழைந்தால் வேகமாக வெளியேறலாம் என்ற பாடத்தை அப்பா வாயால் சொல்லி அவன் நம்பியிருக்கமாட்டான். கடிகாரம் சொன்னதும் நம்பிவிட்டான்.

பிறகு அங்கிள் ஓட்டினார். மகனைவிட இரண்டு விநாடி அதிகம். “காடி பழசு, நானும் பழசு” என்று சிரித்தார். மகன் குனிந்து டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நம்மவர்களும் ஓடுதளங்களும்

நம் நாட்டில் மோட்டார் பந்தய ரசிகர்களின் பழைய கோயில் ஷா ஆலாமின் பத்து தீகா. 1968-இல் திறக்கப்பட்டது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் அங்கேதான் நடந்தது. 2003-இல் அது இடிக்கப்பட்டு, வீடமைப்புக்குப் போனது. 1999-இல் திறக்கப்பட்ட சிப்பாங், 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்டது. 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் அங்கு நடந்தது.

தமிழ்நாட்டில் சென்னை மோட்டார் விளையாட்டுக் கிளப் 1953-இல் உருவானது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் நடத்தி, பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ஓடுதளம் அமைத்தார்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, என் நிகழ்ச்சிக்கு வந்த அழைப்புகளில் பாதி அதைப் பற்றித்தான். மலேசியாவின் கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டோன் காரில் உலக ரேலியின் தயாரிப்புக் கார் பிரிவுப் பட்டம் வென்றதை அந்த அளவுக்கு நாம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

பெற்றோர் கேட்கும் கேள்வி

“இதுவும் ஆபத்துதானே?” என்று என்னிடம் ஒரு தாய் கேட்டார். ஆபத்துதான். ஆனால் ஓடுதளத்தில் எதிரே வண்டி வராது. மின்கம்பமோ, சாலையைக் கடக்கும் பாட்டியோ இல்லை. கொடி பிடிக்க ஆள் உண்டு, தீயணைப்பு உண்டு, மருத்துவ உதவி உண்டு. பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். பிடிபடுவதைவிடப் பெரிய பயம், நள்ளிரவில் வரும் அந்தத் தொலைபேசி அழைப்பு.

செலவையும் மறைக்கக்கூடாது. கட்டணம், பெட்ரோல், டயர், பிரேக் எல்லாம் பணம். இன்னொன்று: நம் வழக்கமான கார் காப்புறுதி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இழப்பீடு தராது. ஓடுதளத்தில் கார் சேதமானால் செலவு உங்கள் பையிலிருந்துதான். வீட்டில் ஒரே கார் வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

முதல் முறை போகிறீர்களா?

* பிரேக் எண்ணெயைப் புதிதாக மாற்றுங்கள். பழைய எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் கொதித்தால் மிதி பொசுக்கென்று உள்ளே போய்விடும்.

* டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் வயதான டயரை நம்பாதீர்கள்.

* பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள கார்கள் சூடானால் பிடிமானம் குறையும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள்.

* கார்பரேட்டர் கார்கள் நீண்ட வளைவில் திக்கினால் பதறாதீர்கள். கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம். பெங்கெல்காரரிடம் சொல்லிச் சரிபார்க்கலாம்.

* ஓட்டி முடித்ததும் கை பிரேக் போடாதீர்கள். சூட்டில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

கார் இல்லாத இளைஞர்களுக்கும் இடம் உண்டு. கொடி காட்டவும், நேரம் குறிக்கவும், வாகனச் சோதனைக்கு உதவவும் கிளப்புகளுக்கு எப்போதும் ஆள் தேவை. என்னை அழைத்துப் போன நண்பரும் கொடி பிடிப்பவராகத்தான் தொடங்கினார். இரண்டு ஆண்டு கழித்தே ஒரு பழைய சாகாவைத் தேடி வாங்கினார்.

இந்த வாரம் வாசலில் இருக்கும் அந்தத் தார்ப்பாயைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். பேட்டரி செத்திருக்கும், பரவாயில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, இது எந்த வருஷம் வாங்கியது என்று கேளுங்கள். மகனையும் பக்கத்தில் நிற்க வையுங்கள்.