நோய் இல்லாத காலத்துக் காவல்

எமது கல்லூரியின் விழா மலரிலே கல்வி, கலை, சமயம் முதலியவற்றோடு நாட்டின் உடல்நலம் பற்றியும் ஒரு கட்டுரை இடம்பெறுதல் பொருத்தமேயாம். கொள்ளைநோய் ஒன்று திடீரெனத் தோன்றுமிடத்து அதனை எதிர்த்து நிற்கச் சுகாதாரப் பகுதியினரும் அவர்க்குத் துணையாவோரும் முன்கூட்டியே எவ்வாறு ஆயத்தஞ் செய்கின்றனர் என்பதை விளக்குவதே எமது நோக்கம். இதனைப் பொதுப்படக் கூறுவதிலும் ஒரு நோயின் வரலாற்றைக் கொண்டு கூறுதல் தெளிவு பயக்கும். இலங்கையர் நூறாண்டுக்கு மேலாகப் போராடிவந்த மலேரியாக் காய்ச்சலே அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். மலேரியாக் கிருமி நோயாளியின் இரத்தத்திலே வாழ்வது. அனோபிலிசு இனத்துப் பெண் நுளம்பு அவரைக் கடிக்கும்போது கிருமி அதன் வயிற்றை அடைகிறது. அங்கே ஏறக்குறையப் பத்து நாள் முதல் இரு வாரம் வரை வளர்ந்த பின்னரே அது அடுத்தவரைத் தொற்றும் நிலையை எய்துகிறது. நோயாளி, நுளம்பு, நோயற்றவர் என்னும் மூவரும் ஓரிடத்திற் கூடினாலன்றி நோய் பரவாது. நோயாளியை விரைந்து கண்டு மருந்து கொடுத்து விட்டால், நுளம்பு எத்துணை மிகுதியாயினும் அதற்குக் கொண்டு செல்லக் கிருமி கிடையாது. ஆதலின் மலேரியாவை எதிர்க்கும் ஆயத்தம் முழுவதும் காலத்தை முந்திக்கொள்ளும் முயற்சியே எனலாம்.

அவ்வாறு முந்திக்கொள்ளாமையால் நேர்ந்த கேட்டை 1934, 1935 ஆம் ஆண்டுகளில் நாடு கண்டது. இலங்கையில் இந்நோயைப் பெரிதும் பரப்பிய அனோபிலிசு கூலிசிபேசிசு என்னும் நுளம்பு, வெயில் படுகின்ற தெளிந்த நீர்க் குட்டைகளிலே முட்டையிடுவது. மழைவளம் மிக்க தென்மேற்குப் பகுதியில் ஆறுகள் நிறைந்து ஓடுவதால் அதன் குடம்பிகள் அடித்துச் செல்லப்படுவது வழக்கம். 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் வற்றி மணற்படுகையிலே எண்ணற்ற குட்டைகளாயின. கேகாலை, குருநாகல் முதலிய இடங்களில் வாழ்ந்த மக்களிற் பலர் இந்நோய்க்குப் பழகாதவர். விளைவு குன்றியதனால் உணவுமின்றி மெலிந்திருந்தோர். சில மாதங்களுள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர்.

இத்துணை அழிவு அறியாமையால் மட்டும் நேர்ந்ததன்று. குருநாகலில் மலேரியாத் தடுப்பு வேலை 1911 ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. அந்நுளம்பே நோயைப் பரப்புவது என்பதையும் அறிஞர் முன்னரே கண்டிருந்தனர். 1926 இல் அமெரிக்க ரொக்பெல்லர் தாபனத்தின் துணையோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவும் நிறுவப்பட்டது. எனினும் ஆறு வற்றுகிறது என்னும் செய்தியைக் கொண்டு காய்ச்சல் வரும் என்று உணர்ந்து, மருந்தையும் ஆட்களையும் முன்னதாகவே அனுப்பும் ஒழுங்கு கிராமங்கள் வரை எட்டவில்லை. நோய் பரவிய பின்னரே கொயினா மருந்தும் தற்காலிக வைத்திய நிலையங்களும் வந்தன. சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள் மருந்தும் உணவுஞ் சுமந்து கிராமங்களுக்குச் சென்றமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவர்தம் தொண்டு பெரிது. எனினும் வீடு பற்றிய பின்னர் நீர் சுமந்து ஓடுவது போன்றதே அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் டி.டி.ரி. மருந்து வந்தது. 1946 முதல் நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் அது தெளிக்கப்பட்டது. ஆண்டுதோறும் பல இலட்சம் பேரை வருத்திய நோய் படிப்படியாகக் குறைந்து, 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேரிடத்தில் மட்டுமே காணப்பட்டது. உலகத்தார் வியந்த வெற்றி இது.

இவ்வெற்றியின் பின் நிகழ்ந்ததே எமது கட்டுரையின் நடுப்பொருள். நோய் ஒழிந்தது என்ற எண்ணத்தால் மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது. காய்ச்சற்காரரின் இரத்தத்தைச் சோதித்து நோயைத் தேடும் பணியும் தளர்ந்தது. அவ்வேளையிலே வறட்சி வந்து ஆறுகள் மீண்டும் குட்டைகளாயின. மாணிக்கம் அகழ்வோர் வெட்டிவிட்ட குழிகளில் நீர் தேங்கியது. சேனைப் பயிர் செய்வோர் காட்டுக் குடிசைகளில் தங்கி இடம் மாறித் திரிந்தனர். 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோரிடம் நோய் காணப்பட்டது. மீண்டும் டி.டி.ரி. தெளித்தபோது நுளம்பு அதற்கு ஈடுகொடுக்கப் பழகியிருந்தது. ஆகவே 1977 முதல் மலத்தியன் என்னும் வேறொரு மருந்தை நாட வேண்டியதாயிற்று. காவலைக் கலைத்ததனால் மிஞ்சிய பணம் எத்துணையாயினும், இழந்ததற்கு அது ஈடாகுமோ?

நோயை ஒழிக்க மேலும் நாற்பதாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டியிருந்தது. போர் நடந்த காலத்திலும் வடக்கிலும் கிழக்கிலும் களப்பணியாளர் மருந்து தெளித்தனர்; நுளம்பு வலைகளை வழங்கினர்; நடமாடும் நிலையங்களில் இரத்தம் சோதித்தனர். அரசாங்கத்தின் மலேரியாத் தடுப்பு இயக்கத்துக்கு உலக சுகாதாரத் தாபனமும், எயிட்சு, காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கான உலக நிதியமும், சர்வோதயம் போன்ற தொண்டு நிறுவனங்களும் கைகொடுத்தன. 2012 ஒக்டோபருக்குப் பின் பல ஆண்டுகள் உள்நாட்டில் தொற்றிய நோயாளர் எவருங் காணப்படவில்லை. 2016 செப்டெம்பர் 5 ஆம் நாள் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதாரத் தாபனம் சான்று வழங்கியது.

இம்முறை காவல் கலைக்கப்படவில்லை. அது இயங்கும் முறையைச் சற்று விரித்துக் கூறுவோம். மலேரியா உள்ள நாடுகளிலிருந்து, சிறப்பாக இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும், கிருமியோடு வருவோர் ஒவ்வோராண்டும் உளர். அத்தகையவர் ஒருவர் ஆசுப்பத்திரியிற் கண்டறியப்பட்டால் தடுப்பு இயக்கத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும். இயக்கத்தார் நோயாளி எங்கெங்குச் சென்றார், எங்கே தங்கினார் என வினவி அறிவர். அயல் வீடுகளிலும் உடன் பயணஞ் செய்தோரிடத்தும் இரத்தம் சோதிப்பர். பூச்சியியற் பணியாளர் சுற்றுப்புற நீர்நிலைகளில் குடம்பிகளைத் தேடுவர். வேண்டுமிடத்து மருந்து தெளிப்பர். மருந்துகளை இயக்கம் இலவசமாகவே வழங்குகிறது. 2018 டிசெம்பரில் மொனராகலைப் பகுதியில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு நோய் தொற்றியது. இவ்வொழுங்கு விழித்திருந்தமையால் அது பரவாது தடுக்கப்பட்டது. ஒரு நோயாளியோடு முடிந்த செய்தி நாளிதழில் பெரிய எழுத்தில் வருவதில்லை. அதுவே ஆயத்தத்தின் பயன்.

அன்றாடப் பணியே அவசர காலத்தில் கைகொடுக்கும் என்பதற்கு 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் சான்று. கரையோர மக்கள் பல்லாயிரவர் முகாம்களில் நெருங்கி வாழ நேர்ந்தபோது மலேரியாவும் பிற தொற்று நோய்களும் பெருகும் என்று பலரும் அஞ்சினர். அவ்வாறு நிகழவில்லை. வெளியிலிருந்து உதவியாளர் வந்து சேருமுன்னரே அவ்வவ்விடத்து வைத்திய அதிகாரிகளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் மருத்துவிச்சிகளும் முகாம்களிற் கடமை ஏற்றனர். மக்களின் முகமும் வீடும் அறிந்தவர் அவர். அந்த அறிமுகத்தை எந்த நாட்டிலிருந்தும் கப்பலில் இறக்க முடியாது.

இப்பொழுது எமது மண்ணுக்கே உரிய ஒரு செய்தியைக் கூறவேண்டும். 2016 இறுதியில் மன்னாரில் அனோபிலிசு தீபன்சி என்னும் நுளம்பு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அது யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. இந்தியப் பட்டினங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுவே. பழைய நுளம்பு ஆற்றுக் குட்டையை நாடியது. இப்புதிய நுளம்போ வீட்டுக் கிணற்றையும் சீமெந்துத் தொட்டியையும் நாடுகிறது. ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் வளவுக்கு வளவு கிணறு உண்டு என்பதை நினைக்குங்கால் இதன் பொருள் விளங்கும். இந்நுளம்பினால் ஒருவரேனும் நோயுறுமுன்னரே பூச்சியியற் பணியாளர் இதனைக் கண்டனர் என்பது ஆறுதல். பயன்படாத கிணறுகளை மூடுதலும், பயன்படும் கிணறுகளில் குடம்பி தின்னும் மீன்களை விடுதலும் எதிர்நடவடிக்கைகளாயின.

கிருமியோடு வருவோர் உளர். அதனைச் சுமக்கும் நுளம்பும் உளது. மூன்றாவதாகிய நோயற்றவர் நாமே. இடையே நிற்பது காவல் ஒன்றுதான். அக்காவலுக்குப் பெரிய பகை மறதி. 2012 க்குப் பின் பிறந்த பிள்ளைகள் மலேரியாவைக் கண்டிலர். இளம் வைத்தியர் பலர் ஒரு நோயாளியையும் காணாமலே தேர்ச்சி பெறுகின்றனர். காய்ச்சல் என்றவுடன் டெங்குவையே எண்ணுதல் இயல்பாகிவிட்டது. அவ்வாறு எண்ணிக் கழியும் நாள்கள் நோயாளிக்கும் ஊருக்கும் கேடு சூழும் நாள்களாகும். இதனாலேயே வைத்தியர்க்கு மீண்டும் மீண்டும் நினைவூட்டலும் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன.

இவ்வாயத்தத்திற் பழைய மாணவராகிய நாமும் பங்காளிகளே. எம்மவர் யாத்திரைக்காகவும் வாணிகத்துக்காகவும் இந்தியா செல்வர். தொழிலின் பொருட்டு ஆபிரிக்காவுக்கும் செல்வர். புறப்படுமுன் மலேரியாத் தடுப்பு இயக்கத்தின் அலுவலகத்தில் ஆலோசனையும் தடுப்பு மருந்தும் பெறல் வேண்டும். திரும்பிய பின் ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், கேளாமலே வைத்தியரிடம் பயணத்தைக் கூறல் வேண்டும். இக்கிருமியின் ஒருவகை ஈரலில் மறைந்திருந்து பல மாதங்களின் பின்னும் வெளிப்படும். கிணற்றையும் தொட்டியையும் பார்வையிடப் பரிசோதகர் வரும்போது படலையைத் திறந்து விடுதல் வேண்டும். எம்முள் வைத்தியராயும் ஆசிரியராயும் அரச அலுவலராயும் விளங்குவோர், நோய் இல்லாத ஆண்டிலும் இக்காவலுக்குரிய பணமும் ஆளும் குறைக்கப்படாதிருக்கக் குரல் கொடுத்தல் வேண்டும்.

1963 ஆம் ஆண்டின் 17 என்னும் எண்ணைக் கண்டு மகிழ்ந்தோர் அறிவிலிகள் அல்லர். மகிழ்ச்சிக்குரிய எண்ணே அது. அவ்வெண் எதனால் நின்றது என்பதை நாடு மறந்தமையே பின்னர் வந்த துன்பத்துக்குக் காரணமாயிற்று. இன்று உள்நாட்டு நோயாளர் எவரும் இலர் என்னும் நிலையில் நிற்கின்ற நாம் அதனை மறவாதிருத்தல் கடன் என்பது எமது துணிபு.