கண்ணுக்குக் கீரை வேண்டும், கண்ணில் பூச்சாறு வேண்டாம்



கொஞ்ச நாளைக்கு முன் செம்பனைக் குலை வெட்டும் தோழர் ஒருவர், "ஐயா, கண்ணு லேசா உறுத்துது" என்று வந்தார். விசாரித்தால் அன்றைக்கு நாலாம் நாள். மட்டையிலிருந்து தும்பு விழுந்திருக்கிறது. முதல் நாள் துண்டு நுனியைச் சுருட்டி எடுத்தார்களாம். மறுநாள் தாய்ப்பால் விட்டார்கள். மூன்றாம் நாள் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிச் சாறு பிழிந்தார்கள். நான் பார்க்கும்போது கருவிழியில் வெள்ளைப் புள்ளி. அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கண் தப்பியது; பார்வை முன்போல் திரும்பவில்லை. இப்போது உதிரிப்பழம் பொறுக்குகிறார். சம்பளத்தில் எவ்வளவு அடி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"எல்லாம் இயற்கை வைத்தியம்தானே ஐயா, அதிலே என்ன கெடுதல்?" என்று அவர் சம்சாரம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மட்டை, இலை, மண் எல்லாவற்றிலும் பூஞ்சைக் கிருமி இருக்கிறது. தும்பு கருவிழியைக் கீறினால் அந்தக் கீறலில் கிருமி உட்கார்ந்து புண்ணாகும். அழுக்குத் துண்டும் பூச்சாறும் அதற்கு மேலும் கிருமியைச் சேர்க்கும். ஆகவே கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். உறுத்தல் நிற்காவிட்டால் அன்றைக்கே வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த சொட்டு மருந்தையும் வாங்கி விடாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. பூஞ்சைப் புண்ணில் அது பட்டால் புண் வேகமாகப் பரவும்.

புல்லுக்கு மருந்தடிக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை. அதற்காக மற்ற மருந்தெல்லாம் பன்னீர் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணில் பட்டால் என்னைத் தேடி ஓடி வருவது அப்புறம். முதலில் நின்ற இடத்திலேயே 15 நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணாடி போட்டால் வியர்வையில் மங்குகிறது என்கிறீர்கள், உண்மைதான். குலை வெட்டுபவர்கள் கம்பி வலைக் கண்ணாடி கேட்டு வாங்கலாம், அது மங்காது. மருந்தடிப்பவர்களுக்கு வலை உதவாது. மூடிய கண்ணாடிதான் வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்கு முதலாளி உங்களிடம் காசு பிடிக்கக் கூடாது.

சரி, இயற்கை எங்கே உதவும்? வாய் வழியாக! ஏ சத்து குறைந்தால் மாலைக்கண் வரும், குழந்தைகளுக்குக் கண்ணே போகலாம். அந்தச் சத்துக்குக் கடை மாத்திரையைத் தேட வேண்டாம். லயத்து வேலியோரம் முருங்கை நிற்கிறது; பின்கட்டில் பப்பாளி பழுத்துக் குருவி தின்கிறது. மஞ்சள் பூசணி, உள்ளே சிவந்த சக்கரைவள்ளி, பசளிக்கீரை எல்லாம் நல்லதே. கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளியுங்கள். எண்ணெய் இருந்தால்தான் இந்தச் சத்து உடம்பில் ஒட்டும். வெள்ளை மரவள்ளிக்கிழங்கு வயிற்றை நிரப்பும், கண்ணுக்கு ஒன்றும் தராது. ஒரு வேடிக்கை பாருங்கள்: நாம் வெட்டுகிற செம்பனைப் பழத்தின் சிவப்பே கண்ணுக்கு வேண்டிய சத்துதான். ஆலையில் எண்ணெயை வெளுக்க வைத்துக் கடைக்கு அனுப்பும்போது அது அநேகமாக எல்லாம் போய்விடுகிறது!

ஆனால் பெரியவர்கள் விஷயத்தில் எனக்குக் கீரையை விடப் பெரிய கவலை சீனி வியாதி. 2019இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் பத்துப் பேருக்கு மூன்று பேர் இந்த வியாதிக்காரர்கள். சீனி ஏறியே இருந்தால் கண்ணின் உள்திரையிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் கசியும், வெடிக்கும். வலி இருக்காது. "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே ஐயா" என்பவருக்கும் உள்ளே கசிந்துகொண்டிருக்கலாம். பால் டின்னைக் கவிழ்த்துப் போடுகிற தேத்தண்ணி ஒரு நாளைக்கு நாலு மங்கு என்றால் எந்த முருங்கைக்கீரையும் காப்பாற்றாது. முதலில் டின் பாலைப் பாதியாக்குங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். சிகரெட்டை விடுங்கள். வெயிலில் தொப்பி போடுங்கள்.

சீனி வியாதி அட்டை வைத்திருப்பவர்கள் வருடம் ஒரு தடவை அரசாங்கக் கிளினிக்கில் உள்கண்ணைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கூசும். மோட்டார்சைக்கிளில் தனியாகப் போகாமல் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். இந்த வருடம் இன்னும் படம் எடுக்காதவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், கடிதம் எழுதித் தருகிறேன்.