எபிசோட் 41: வலி போயிடுச்சு, எலும்பு ரெடியா?

"இடுப்புல உலோகத்தை வெச்சுக்கிட்டு ஆண்டி மரே எப்படிங்க திரும்ப டென்னிஸ் ஆடினார்?"னு ஒரு நேயர் கேட்டிருந்தார். பதில் உலோகத்துல இல்லை, எலும்புல இருக்கு.

2019 ஜனவரியில் லண்டனில் மரேவுக்கு நடந்தது ஹிப் ரீசர்ஃபேசிங். வழக்கமான இடுப்பு மாற்று அறுவை சிகிச்சையில், தொடை எலும்போட பந்து மாதிரியான தலையை வெட்டி எடுத்துட்டு, எலும்புக்குள்ள நீளமான உலோகத் தண்டை இறக்குவாங்க. ரீசர்ஃபேசிங்ல பந்தை வெட்டறதில்லை. மேற்பரப்பை மட்டும் சீவி, கோபால்ட்-குரோமியம் தொப்பியை மாட்டுவாங்க. பல்லுக்கு கேப் போடற மாதிரினு வெச்சுக்கோங்க. பந்து உட்கார்ற குழியில ஒரு உலோகக் கிண்ணம் வரும். 1997ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் டெரெக் மெக்மின், ரோனன் ட்ரீசி என்ற இரண்டு சர்ஜன்கள் கொண்டுவந்த மாடல்தான் இதுல ரொம்ப பிரபலம்.

காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சவன் நான். அங்க ஒரு உத்தரம் சுமையைத் தாங்கும், இல்லைன்னா உடையும், அவ்வளவுதான். எலும்பு அப்படி இல்லை. உள்ள இருக்கிற ஆஸ்டியோசைட் செல்கள் சுமையை உணர்ந்துக்கிட்டே இருக்கும். சுமை வர்ற இடத்துல எலும்பு கட்டப்படும், வராத இடத்துல கரைக்கப்படும். ஜெர்மன் சர்ஜன் ஜூலியஸ் வோல்ஃப் 1892லேயே இதை எழுதிட்டார். நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஆட்டோ ஸ்கேலிங். டிராஃபிக் இல்லைன்னா சர்வரைக் குறைச்சிடும்.

நீளத் தண்டு வெச்சா பிரச்சினை இதுதான். சுமை தண்டு வழியா நேரா கீழே போயிடும். மேல் பகுதி எலும்புக்கு வேலை இல்லாம மெலியும். இதுக்கு ஸ்ட்ரெஸ் ஷீல்டிங்னு பேர். ரீசர்ஃபேசிங்ல சுமை பழையபடி பந்து, கழுத்து வழியாவே போகுது. அதனால அங்க அடர்த்தி பெரும்பாலும் காப்பாத்தப்படுது.

ஆனா உடனே இல்லை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆபரேஷன் முடிஞ்ச முதல் சில வாரங்கள்ல கழுத்துல அடர்த்தி கொஞ்சம் குறையும். திரும்ப ஏற மாதக்கணக்குல ஆகும். வலியோ அதுக்கு முன்னாடியே போயிடும்! நோயாளிக்கு ஓடலாம்போல இருக்கும். உள்ள கட்டட வேலை பாதியில நிக்குது.

ஆஸ்திரேலியாவில் பர்மிங்காம் மாடல் பொருத்தின 3,497 இடுப்புகளைப் பார்த்தாங்க. 50ல் கழுத்து உடைஞ்சிருந்தது. சராசரியா 15 வாரத்துல. சீவும்போது கழுத்துல ஒரு சின்ன வெட்டு விழுந்தாலோ, தொப்பி சாய்வா உட்கார்ந்தாலோ ஆபத்து கூடும். பெண்களுக்கு விகிதம் ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. எலும்பு ஏற்கெனவே மெலிஞ்சவங்களுக்கு இதை டாக்டர்கள் பரிந்துரைக்கத் தயங்கறது சும்மா இல்லை.

அதனால இதைப் பண்ணிக்கப்போற யாராவது உங்க வீட்டுல இருந்தா, "எப்போ நடக்கலாம்?"னு மட்டும் கேட்காதீங்க. "எப்போ குதிக்கலாம், ஓடலாம்?"னு தனியா கேளுங்க. ரெண்டுக்கும் பதில் வேற வேற.

மரே ஜூன்ல இரட்டையர் ஆட்டத்துல இறங்கினார். ஒற்றையர் ஆட ஆகஸ்ட் ஆச்சு. அக்டோபர்ல ஆன்ட்வெர்ப்ல கோப்பையே ஜெயிச்சார். அவரைச் சுத்தி ஒரு மருத்துவப் படையே இருந்ததுங்கறதையும் சேர்த்துக்கோங்க.

உலோகத்தோட உலோகம் உரசி ரத்தத்துல கலக்கற துகள்கள் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதுக்குத் தனி எபிசோட் வேணும்.