இல்லத் திரையில் இறுவட்டும் இணையமும்

ஒரு பொருளை உடைமையாகக் கொள்ளுதல் வேறு; அதனைக் கண்டு களிக்க இசைவு பெறுதல் வேறு. வீட்டிலிருந்து திரைப்படம் காண்பார்க்கு இவ்வேறுபாடு நெடுங்காலம் பெரிதாகத் தோன்றவில்லை. இறுவட்டை விலைகொடுத்து வாங்கினர், அலமாரியில் வைத்தனர், வேண்டியபோது எடுத்துக் கண்டனர். இன்று அவர்கள் விலைகொடுப்பது பெரும்பாலும் இசைவுக்கே. இறுவட்டு வழக்கொழியுமா என்னும் வினாவை இவ்விடத்தினின்றும் தொடங்கி ஆராய்தல் தகும்.

1993இல் வகுக்கப்பட்ட விசிடி தட்டில் ஏறத்தாழ 74 நிமிடப் படமே அடங்கிற்று. அதனால் தமிழ்ப்படமொன்று இரண்டு தட்டுக்களிலோ மூன்றிலோ வந்தது. கதை உச்சமடையும் வேளையில் எழுந்து தட்டை மாற்றிய அனுபவம் பலர்க்கு உண்டு. 1996இல் தோன்றிய டிவிடி ஓரடுக்கில் 4.7 கிகாபைட்டும், 2006இல் வந்த புளூரே 25 கிகாபைட்டும் தாங்கின. தமிழகத்தில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாவுக்கும் டிவிடியை 34 ரூபாவுக்கும் விற்றுத் திருட்டுத் தட்டுக்களோடு போட்டியிட்டது. 2018இல் அந்நிறுவனமே கலைப்புக்கு ஆளாயிற்று. 2015 மார்ச்சில் இயக்குநர் சேரன் தமது ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தைத் தட்டு வடிவில் நேரே வீடுகளுக்கு அனுப்ப முயன்றார். 2020 மே மாதத்திலோ ‘பொன்மகள் வந்தாள்’ அரங்கையும் தட்டையும் தொடாமலே அமேசான் பிரைமில் வெளிவந்தது. அஞ்சலில் தட்டு அனுப்பி வளர்ந்த நெட்ஃபிளிக்ஸ் தன் அஞ்சற் பணியை 2023 செப்டெம்பர் 29ஆந் தேதி நிறுத்தியது. வணிகக் கணக்கில் வழக்குத் தீர்ந்ததென்றே கொள்ளலாம்.

ஆயின் இணையத்தின் வெற்றி எவ்விடத்தும் ஒரே அளவினதன்று. கற்பிட்டித் தீபகற்பத்திலே, புனித அன்னம்மாள் திருத்தலத்தாற் பெயர்பெற்ற தலவிலக் கரையை எடுத்துக்கொள்வோம். மேல்கரைக் கடல் அமைதியுறும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய கரைகளிலிருந்து மீனவர் இப்பகுதிக்கு வந்து வாடி அமைப்பர். சில மாதங்களுக்கு மட்டும் எழும் ஓலைக் குடிசைக்குக் கம்பிவழி இணைப்பு இழுப்பார் இலர், கைத்தொலைபேசியே துணை. உயர்தரப் படம் மணிக்கு ஏறத்தாழ 3 கிகாபைட் கொள்ளும். மூன்றுமணிப் படமொன்றைக் காண்பதற்கு வேண்டிய தரவு ஒரு டிவிடி முழுவதின் கொள்ளளவினும் மிகுதி; மீண்டும் காணின் மீண்டும் செலவு. தட்டோ ஒரு வாடியிலிருந்து அடுத்த வாடிக்குக் கைமாறியே செல்லும்.

எனினும் தட்டை அழியாப் பொருளென்று எண்ணுதலும் தவறு. ஒளிக்கதிரைத் திருப்பும் அலுமினியப் படலம் மிக மெல்லியது. விசிடியில் அப்படலம் பெயர் அச்சிட்ட முகத்தின் கீழே, அரக்குப் பூச்சொன்றை மட்டும் காவலாகக் கொண்டுள்ளது. மேற்புறத்தில் விழும் கீறலே அதற்குக் கூடுதற் கேடு. நம்மவரோ அடிப்புறத்தை மட்டும் துடைத்துப் போற்றுவர்! டிவிடியில் அப்படலம் இரு தகடுகளுக்கு நடுவே உள்ளது. ஒட்டுப்பசை தளர்ந்தால் அங்கும் ஈரம் புகும். உப்புக் காற்றும் வெப்பமும் மிக்க கடற்கரையில் அலுமினியம் விரைந்து பழுதுபடுதல் கூடும்.

இணையத்தில் நேரும் அழிவு வேறு வகையினது. ‘அன்னபூரணி’ என்னும் தமிழ்ப்படம் 2023 டிசெம்பர் இறுதியில் நெட்ஃபிளிக்ஸில் ஏறிற்று. சமய உணர்வு புண்பட்டதென எழுந்த முறைப்பாட்டின் பின் 2024 ஜனவரியில் இறக்கப்பட்டது. முறைப்பாட்டின் நியாயம் ஈண்டு நம் ஆய்வுக்குரியதன்று. சந்தா செலுத்தியவர் அனைவர்க்கும் படம் ஒரே நாளில் மறைந்தது என்பதே கருதத்தக்கது. தட்டாக விற்கப்பட்டிருப்பின் விற்பனையை நிறுத்தலாமேயன்றி விற்றவற்றை வீடுதோறும் சென்று திரும்பப் பெறல் இயலாது.

இவ்வேற்றுமை ஈழத்துத் தமிழ்ப் படங்களைப் பொறுத்தமட்டில் வாழ்வும் சாவுமாகும். தலவில மீனவரைப்போலப் பருவந்தோறும் கரைமாறி வாடி அமைப்பாரின் வாழ்வை நெடுந்தீவில் வைத்துப் புனைந்தது செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’. அந்நாவல் 1978இல் பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. 1962இன் ‘சமுதாயம்’ தொடங்கி 1977இன் ‘பொன்மணி’ வரை இந்நாட்டில் தோன்றிய தமிழ்ப்படங்கள் மிகச் சிலவே. அவற்றின் பிரதிகளும் சிலவே. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானபோது அங்கிருந்த படங்களின் மூலச் சுருள்களும் எரிந்தன. ஒரே கூரையின் கீழ் யாவற்றையும் வைத்ததன் விளைவு அது. பெரும் இணைய நிறுவனத்தின் சேமிப்பறையும் ஒருவகையில் ஒரே கூரைதான். அங்கே தீ வேண்டியதில்லை, காண்பார் தொகை குறைந்தாற் போதும்.

மீட்பு இயலாததன்று. சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமாய்’ (1978) இந்தியத் திரைப்பட மரபுரிமை நிறுவனமொன்றால் மீட்டமைக்கப்பட்டு 2025இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. ஆயினும் மீட்பார்க்கு முதற்கண் ஒரு நல்ல பிரதி கிடைத்தல் வேண்டும். நம் படங்களுக்கு அத்தகைய சுருள் அகப்படாதவிடத்து, யாரோ ஒருவர் நாடாவிலிருந்து தட்டுக்கு ஏற்றிய மங்கலான பிரதியே எஞ்சிய சான்றாதல் கூடும்.

ஆதலின் இலண்டனிலும் தொரொன்ரோவிலும் வாழும் நம் பழைய மாணவர், வீட்டைத் துப்புரவு செய்கையில் பழைய தட்டுக்களைக் குப்பையில் இடுமுன் அவற்றின் பெயரை ஒருமுறை படித்தல் நன்று. அரிய படமெனின், தட்டு பழுதுபடுமுன் வன்தட்டுக்கு மாற்றி, வெவ்வேறு ஊர்களில் இரு பிரதிகளாக வைத்தல் வேண்டும்; சில ஆண்டுகளுக்கொருமுறை புதுத் தட்டுக்கு மாற்றலும் வேண்டும். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கிவரும் நூலக நிறுவனம் இதற்கொரு வழிகாட்டி. பொதுவிற் காட்டுதற்கு உரிமையாளரின் இசைவு தேவை. பல படங்களின் தயாரிப்பாளர் மறைந்துவிட்டமையால் அவர்தம் வாரிசுகளைத் தேடிப் பிடிப்பதே இப்பணியின் மிகக் கடினமான பகுதியாக இருக்கும்.