குடிவரவு குடியகல்வுச் சட்டம் மாறப்போகிறது என்கிறார்கள்: திரும்பி வரும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து நாடு திரும்ப ஆயத்தமாகும் குடும்பங்களும், ஏற்கெனவே வந்து களுபோவில, தெஹிவளை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் உறவினர் வீட்டில் தங்கி அலுவல் பார்க்கும் குடும்பங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு. "படகில் போனதற்காக எங்களைப் பிடிப்பார்களா?" என்பது ஒன்று. "பிள்ளைகள் இந்தியாவில் பிறந்தவர்கள், அவர்களுக்கு இங்கே என்ன நிலை?" என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் 1948 ஆம் ஆண்டின் இரு சட்டங்களில் இருக்கிறது. அவற்றை மாற்றுவது பற்றிய பேச்சு இப்போது பலமாக உள்ளது. எது பேச்சு, எது சட்டம் என்று பிரித்தறிந்தால்தான் உங்கள் பயணத்தைச் சரியாகத் திட்டமிட முடியும்.

இரண்டு சட்டங்கள், இரண்டு வேலைகள்

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், யார் இந்நாட்டுப் பிரஜை என்பதைத் தீர்மானிக்கிறது. அதே ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம், யார் எந்த வழியாக, எந்த ஆவணத்தோடு நாட்டுக்குள் வரலாம், நாட்டை விட்டுப் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. முதலாவது உங்கள் உரிமையைப் பற்றியது. இரண்டாவது உங்கள் பயணத்தைப் பற்றியது. ஒன்றில் பிரச்சினை இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். படகில் போனவர் என்பதால் எவரும் பிரஜாவுரிமையை இழப்பதில்லை. பிரஜை என்பதால் படகில் போன விடயம் கேட்கப்படாமல் விடப்படும் என்றும் இல்லை.

படகில் போனது ஏன் குற்றமாகிறது?

குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்படி, நாட்டை விட்டுப் போகிறவர் செல்லுபடியான கடவுச்சீட்டோடு, அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாகவே போக வேண்டும். பேசாலையிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ இரவில் படகேறித் தனுஷ்கோடியில் இறங்கியவர் இந்த விதியை மீறியவராகிறார். பிற்காலத் திருத்தங்களுக்குப் பின், இக்குற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமுண்டு.

1983 ஜூலைக்குப் பிறகும், 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோதும், 2006 இலும் மக்கள் உயிர் தப்பவே போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உயிருக்கு அஞ்சிப் போனவர் என்ற தனி வகை அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் அப்படியொரு இடப்பெயர்வை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பிறகு வந்த திருத்தங்களோ, ஆட்களைக் கள்ளத்தனமாகக் கடல் கடத்தும் தரகர்களை மனதில் வைத்தே கடுமையாக்கப்பட்டன. அந்த வலையில் அகதியும் அகப்படுகிறார்.

1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம், அனுமதியின்றி நுழைந்ததற்காக அகதியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அது அடைக்கலம் தரும் நாட்டுக்குச் சொல்லப்பட்டது. சொந்த நாட்டுக்குத் திரும்புகிறவரை அது காப்பதில்லை. மேலும், இலங்கையோ இந்தியாவோ அச்சமவாயத்தில் சேரவில்லை. உங்களுக்கு உண்மையாக உதவுவது வேறொன்று: இலங்கை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை, நாடு திரும்பும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரஜைக்கும் அளிக்கிறது. ஆகவே பிரஜையான உங்களை விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்ப முடியாது. விசாரிக்க முடியும், நீதவான் முன் நிறுத்த முடியும். நாட்டுக்குள் வர விடாமல் தடுக்க முடியாது.

2025 இல் நடந்தது

2025 மே மாதத்தில், ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அவர் மீது சொல்லப்பட்ட குற்றம், முன்னர் சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போனார் என்பதுதான். ஒழுங்கான ஆவணங்களோடு, ஒழுங்கான வழியில், ஒரு சர்வதேச நிறுவனத்தின் ஏற்பாட்டில் வந்தவருக்கே இப்படி நடந்தது முகாம்களில் பெரும் அச்சத்தை உண்டாக்கியது. அரசியல் தலைவர்கள் கண்டித்தார்கள். சட்டம் இயந்திரம் போலச் செயற்பட்டு விட்டது, இந்நிலை மாற்றப்படும் என்று அரசாங்கத் தரப்பில் சொல்லப்பட்டது. சட்டத்தைத் திருத்தும் பேச்சு அப்போதிருந்தே வலுப்பெற்றது.

பேச்சு, சுற்றறிக்கை, சட்டம்

"இனி ஒருவரையும் பிடிக்க மாட்டார்கள், அமைச்சரே சொல்லி விட்டார்" என்று தொலைபேசியில் கேள்விப்பட்டு ரிக்கெட் எடுக்க ஆயத்தமாகிறவர்கள் உண்டு. விமான நிலையக் கருமபீடத்தில் இருக்கும் அதிகாரி, பத்திரிகைச் செய்தியைப் பார்த்து வேலை செய்வதில்லை. தன் கையில் எழுத்தில் இருப்பதைப் பார்த்தே செய்கிறார். ஆகவே எந்தச் செய்தி வந்தாலும் அது பின்வரும் மூன்றில் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

முதற்படி, அறிவிப்பு. அமைச்சர் ஒருவர் ஊடகங்களுக்கோ பாராளுமன்றத்திலோ சொல்வது. அரசின் எண்ணத்தை அது காட்டும். அதிகாரியைக் கட்டாது.

இரண்டாம் படி, சுற்றறிக்கை அல்லது பணிப்புரை. திணைக்களம் தன் உத்தியோகத்தருக்கு எழுத்தில் அனுப்புவது. இது நடைமுறையை மாற்றும். ஆனால் குற்றம் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கும். சுற்றறிக்கையை மீளப் பெறவும் முடியும்.

மூன்றாம் படி, சட்டத் திருத்தம். இதுவே நிலையான பாதுகாப்பு. இதற்கு அமைச்சரவை அனுமதி வேண்டும். பிறகு சட்டவரைஞர் சட்டமூலத்தைத் தயாரிப்பார். சட்டமா அதிபர் அது அரசியலமைப்புக்கு இசைவானதா என்று பார்ப்பார். பின்னர் அது வர்த்தமானியில் வெளியாகி, பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் சேரும். குறிப்பிட்ட நாட்களுக்குள் எந்தப் பிரஜையும் அதை உயர் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தலாம். அதன்பின் இரண்டாம் வாசிப்பு, குழுநிலை, மூன்றாம் வாசிப்பு. கடைசியில் சபாநாயகரின் சான்றுரை. அந்தக் கையொப்பம் விழும்வரை அது சட்டமூலம் மட்டுமே.

"அமைச்சரவை அங்கீகாரம்" என்ற செய்தியை "சட்டம் வந்துவிட்டது" என்று விளங்கிக் கொள்வதே பெரும்பாலும் நடக்கும் தவறு. அமைச்சரவை அனுமதிக்கும் சபாநாயகரின் கையொப்பத்துக்கும் இடையில் மாதங்கள் போகலாம், ஆண்டுகளும் போகலாம். வர்த்தமானியும் சட்டமூலங்களும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

முன்பு ஒருமுறை நடந்திருக்கிறது

அகதிகளுக்காகச் சட்டத்தைத் திருத்துவது நடக்காத காரியமல்ல. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இல் கையொப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாக ஏற்றன. அப்படியும் பலர் எந்த நாட்டுக்கும் உரியவராகாமல் நின்றார்கள்.

2003 இல் நிறைவேறிய 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை அளித்தது. ஆனால் "இலங்கையில் வசித்த" என்ற சொல்லால், போர்க்காலத்தில் தமிழ்நாட்டுக்கு ஓடிய மலையகக் குடும்பங்கள் வெளியே நின்றன. அந்தக் குறையை 2009 ஆம் ஆண்டுத் திருத்தங்கள் நீக்கின. இடம்பெயர்ந்து இந்தியாவில் தங்கியிருந்தவர்களும் அதன் பிறகு தகுதி பெற்றார்கள்.

மலையக வம்சாவளியைச் சேர்ந்து, வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ குடியேறி, அங்கிருந்து இந்தியாவுக்குப் போன குடும்பம் உங்களுடையதாக இருந்தால், இந்தச் சட்டத்தின் கீழ் உங்கள் நிலையைக் கேட்டறியுங்கள். பழைய தோட்டப் பதிவு, குடும்ப அட்டை, பாடசாலைச் சான்று எதையும் வீசிவிட வேண்டாம்.

பிள்ளைகளின் பிரஜாவுரிமை

களுபோவில வைத்தியசாலையில் பிறக்கும் பிள்ளையும் மண்டபத்தில் பிறந்த பிள்ளையும் ஒரே பெற்றோரின் பிள்ளைகளாக இருக்கலாம். சட்டத்தில் வேறுபாடு உண்டு. தந்தையோ தாயோ இலங்கைப் பிரஜையாக இருந்தால், இங்கே பிறந்த பிள்ளை பிறப்போடேயே வம்சாவழிப் பிரஜை. 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிந்தால் போதும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இரண்டாவது படியும் வேண்டும். இலங்கைத் தூதரகத்தில் அல்லது இலங்கையில் உரிய அலுவலகத்தில் அப்பிறப்பைப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் பதிய வேண்டும்.

பிறந்து ஓராண்டுக்குள் பதிவது விதி. தகுந்த காரணம் இருந்தால் மேலதிக காலம் அனுமதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே பிள்ளைக்குப் பத்து வயது, இருபது வயது ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். இந்தியாவில் இருக்கும்போதே சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் இதை முடிப்பது மிக நல்லது. முடியாமல் வந்தவர்கள் பத்தரமுல்லை 'சுகுருபாய' கட்டடத்திலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவுக்குப் போக வேண்டும். 2003 க்கு முன் தாய் வழியாகப் பிரஜாவுரிமை பெற முடியவில்லை. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தாய், தந்தை இருவர் வழியும் சமம்.

கையில் இருக்க வேண்டியவை: பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, முகாம் பதிவு அட்டை. தமிழ்நாட்டுச் சான்றிதழில் தந்தை பெயர் முதலெழுத்தாக மட்டும் இருப்பதும், தாயின் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருப்பதும் வழமை. இப்படிப்பட்ட பிழைகளை அங்கேயே திருத்திக்கொண்டு வாருங்கள். இங்கிருந்து அதைச் செய்விப்பது பெரும் அலைச்சல்.

இந்தப் பதிவு இல்லாமல் தேசிய அடையாள அட்டை எடுக்க முடியாது. அட்டை இல்லாவிட்டால் பரீட்சை, வேலை, வங்கிக் கணக்கு, வாக்காளர் இடாப்பு என்று ஒவ்வொன்றாக நின்றுபோகும்.

இந்தியப் பக்கத்தில் மாறியவை

இந்தியாவும் 2025 இல் தன் சட்டத்தை மாற்றியது. 1946 ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 செப்டெம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. அது இந்தியப் பிரஜாவுரிமை அல்ல. 2019 ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையர் சேர்க்கப்படவில்லை. திரும்பும்போது இந்தியாவை விட்டு வெளியேறுவதற்கான அனுமதியைப் பெற்றுக்கொண்டே புறப்படுங்கள். படகில் திரும்புவது இரு நாட்டுச் சட்டங்களிலும் புதிய சிக்கலை உண்டாக்கும்.

புறப்படுமுன்னும் வந்த பின்னும்

- ஐ.நா. உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாக வருவதாயின், பயணத் திகதிக்கு முன், கைதுகள் தொடர்பாக இலங்கை அதிகாரிகளோடு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள். வாய்மொழியா, எழுத்திலா என்றும் கேளுங்கள்.
- எல்லா ஆவணங்களிலும் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை இங்குள்ள உறவினரிடம் முன்கூட்டியே அனுப்பி வையுங்கள்.
- விமான நிலையத்தில் கேட்டால், போன ஆண்டையும் வழியையும் உண்மையாகச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட வேண்டாம். தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை.
- கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், நீதவான் முன் நிறுத்த வேண்டும். தரகராக இல்லாமல் பயணியாக மட்டும் போனவர்களின் வழக்குகள் பிணையிலும் தண்டப்பணத்திலும் முடிவதே வழமை. பிணைக்கு நிற்கக்கூடிய உறவினர் ஒருவரை முன்கூட்டியே ஆயத்தமாக வைத்திருங்கள்.
- சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.
- வந்து தங்கும் இடத்தின் கிராம உத்தியோகத்தரிடம் தாமதமின்றிப் பதியுங்கள். களுபோவிலவில் தங்குவோருக்குப் பிரதேச செயலகம் தெஹிவளை. சொந்த ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால், அடையாள அட்டைக்கு எந்த முகவரியைக் கொடுப்பது என்று குடும்பமாக முடிவு செய்துவிட்டுப் போங்கள். இடையில் மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.
- வடக்கில் குடியேறுவோர் கடவுச்சீட்டுக்காகக் கொழும்பு வரத் தேவையில்லை. வவுனியாவிலும், 2025 செப்டெம்பர் முதல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலும் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன.

சட்டம் மாறும் வரை காத்திருப்பதா, இப்போதே வருவதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. வயதானவர்கள், நோயாளர், படிப்பை இடைநிறுத்திய பிள்ளைகள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நிலைமை உண்டு. எதை முடிவு செய்தாலும், பிள்ளைகளின் பிரஜாவுரிமைப் பதிவுக்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. அதற்கான வழி இன்றே திறந்திருக்கிறது. அதை முதலில் முடியுங்கள்.