நடப்பது கண்ணுக்கும் நல்லது

உடல் எடை கூடினால் சீனி வருத்தம், பிரஷர், மாரடைப்பு வரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணும் பாதிக்கப்படும் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரைக்கு ஒட்சிசன் மிக அதிகமாகத் தேவை. அதை மிக மெல்லிய இரத்தக் குழாய்களே கொண்டு சேர்க்கின்றன. உடற்பருமன் உள்ளவர்களின் விழித்திரையில் நாடிகள் ஒடுங்கியும் நாளங்கள் விரிந்தும் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனுடன் சீனி வருத்தமும் சேர்ந்தால் குழாய்கள் பலவீனமடைந்து கசியத் தொடங்கும். ஆரம்பத்தில் வலி இருக்காது, பார்வையும் தெளிவாகவே இருக்கும். மங்கலை உணரும்போது சேதம் முற்றியிருக்கலாம்.

இங்குதான் ஏரோபிக் உடற்பயிற்சி உதவுகிறது. வேகமாக நடப்பது, சைக்கிள் ஓட்டுவது, நீந்துவது எல்லாம் இதில் அடங்கும். இதனால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது, இரத்த அழுத்தம் குறைகிறது, இரத்தக் குழாய்களின் உட்சுவர் சீரடைகிறது. பயிற்சிக்குப் பின் கண்ணின் உள்ளழுத்தமும் சிறிது நேரம் குறைகிறது. ஜேர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், 10 வாரங்கள் ஓட்டப் பயிற்சி பெற்ற பருமனானவர்களின் விழித்திரை நாடிகள் முன்பைவிட விரிந்திருந்தன. ஆகவே எடை உடனே குறையவில்லை என்று நடப்பதைக் கைவிட வேண்டாம். தராசு காட்டாத நன்மையும் உண்டு.

எவ்வளவு செய்வது? வாரத்திற்கு குறைந்தது 150 நிமிடங்கள் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாட்கள் போதும். பேச முடிய வேண்டும், பாட முடியாமல் மூச்சு வாங்க வேண்டும். அதுவே சரியான வேகம். பழக்கமில்லாதவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கலாம். வெளியே நடக்க வசதியில்லாத பெண்களுக்கு வீட்டு முற்றமே போதும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குவதும் தலைகீழாக நிற்பதும் கண்ணழுத்தத்தைக் கூட்டும். சீனியால் விழித்திரை ஏற்கனவே பாதிக்கப்பட்டவர்கள், குளுக்கோமா உள்ளவர்கள் கண் வைத்தியரிடம் கேட்ட பின்பே கடும் பயிற்சிகளில் இறங்க வேண்டும். எடை கூடிய இளம் பெண்களுக்குத் தொடர் தலைவலியோடு பார்வை அடிக்கடி மறைந்து வந்தால், மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அழுத்தம் கூடியிருக்கலாம். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கண் பரிசோதனையின் இடத்தை நடை நிரப்பாது. சீனி வருத்தம் உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருந்தாலும், வருடத்திற்கு ஒரு தடவை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கிளினிக்கிற்குப் போகும்போது மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், கண்ணையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.